பள்ளிக்கூடமும் கிட்டப்பார்வையும்

புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோகாதே, மங்கிய விளக்கில் படிக்காதே, நிமிர்ந்து உட்கார் என்று வகுப்பறையில் நாள்தோறும் சொல்லி வருகின்றோம். இவ்விதிகளைக் கணக்கெடுப்பின் துணைகொண்டு ஆராய்ந்து, பள்ளிச் சுகாதாரத்தின் ஒரு கூறாக ஆக்கியவர்களுள் தலையாயவர் ஹெர்மன் கோன் (1838–1906) என்னும் கண் மருத்துவர் ஆவார். அவர் வாழ்ந்த பிரெஸ்லௌ நகரம் அன்று பிரஷ்யாவைச் சேர்ந்திருந்தது. இன்று வ்ரோத்ஸ்வாஃப் என்ற பெயருடன் போலந்து நாட்டில் உள்ளது.

கோன் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, தாம் கண்ட முடிவுகளை 1867ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கிட்டப்பார்வை உடையோர் கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4, நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் 6.7, ரியால் எனப்பட்ட மேற்பள்ளிகளில் 19.7, பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் கிம்னாசியங்களில் 26.2. கல்வியின் படி உயர உயர நோயும் உயர்ந்தது. கிம்னாசியத்தில் பயின்றோர் வயதிலும் மூத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. எனினும், கிராமப் பள்ளிக்கும் நகரத்துத் தொடக்கப் பள்ளிக்கும் இடையே காணும் வேற்றுமையை வயதைக் காட்டித் தள்ளிவிட இயலாது.

கோன் குற்றவாளியைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தேடினார். பிள்ளையின் உயரத்துக்குப் பொருந்தாத மேசை, இருண்ட அறை, பொடியெழுத்து அச்சு ஆகியவை அவர் கண்ணில் பட்டன. பாடநூலில் சிற்றெழுத்தின் உயரம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று அளவும் வகுத்தார். வகுப்பறைக்கு வெளிச்சம் மிகையாகிவிடும் என்ற அச்சமே வேண்டா என்பது அவர் கொள்கை. இவையெல்லாம் நல்லனவே. ஆயின் தோட்டப்பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அந்த 1.4 என்னும் எண்ணை எளிதில் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. கிராமத்துப் பிள்ளை குறைவாகப் படித்தது மட்டுமா? பள்ளி விட்டதும் வயலிலும் வெளியிலும் திரிந்ததே! இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தக் கணக்கில் வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காற்றுத் திசை மாறியது. கிட்டப்பார்வை பிறப்பு வழி வருவது என்ற எண்ணம் வலுத்தது. இங்கிலாந்தில் ஆர்னால்டு சோர்ஸ்பி இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு செய்து 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதற்குத் துணை நின்றது. குலவழித் தொடர்பு இல்லை என்று இன்றும் எவரும் சொல்லார். ஆனால் சிங்கப்பூர், தைவான் முதலிய நாடுகளில் ஓரிரு தலைமுறைக்குள் இக்குறை பன்மடங்கு பெருகியதற்குக் குலவழி மட்டும் விடையாகுமா? ஒரு தலைமுறையில் குருதி மாறுவதில்லை.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குத் தெளிவு தந்தது. ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஒப்பிட்டனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29.1 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 பேருக்கே. இரு சாராரும் ஒரே இனத்தார். வியப்பு என்னவெனில், சிட்னிப் பிள்ளைகள் வாரந்தோறும் கூடுதலான நூல்களைப் படித்தவர்கள்! பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. அவர்கள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ 3.05 மணி நேரமே.

கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மிஞ்சி நீண்டுவிடுவதே பெரும்பாலும் கிட்டப்பார்வைக்குக் காரணம். தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பே குவிந்துவிடுகின்றது. நீண்ட கோளம் பின்னர்ச் சுருங்குவதில்லை. மிகவும் நீண்டுவிடின் விழித்திரை பிரியும் இடரும் மிகும். பகலொளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து இந்நீட்சியைத் தடுக்கின்றது என்பதே விலங்குகளிடத்துச் செய்த சோதனைகளால் வலுப்பெற்றுள்ள விளக்கம்.

சீனாவின் குவாங்சௌ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் வெளியில் நடக்கும் 40 நிமிடப் பாடவேளை ஒன்றைக் கூட்டிப் பார்த்தனர். மூன்றாண்டு கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை உற்றோர் அப்பள்ளிகளில் நூற்றுக்கு 30.4, கூட்டாத பள்ளிகளில் 39.5. இது 2015ஆம் ஆண்டில் வெளியான முடிவு. தைவானில் பார்வை குன்றிய தொடக்கப்பள்ளி மாணவர் 2001ஆம் ஆண்டில் 34.8 விழுக்காடாக இருந்து 2011ஆம் ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டினர். 2010ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் என்ற திட்டம் தொடங்கிய பின் அப்பெருக்கம் நின்றது. 2015ஆம் ஆண்டில் 46.1 விழுக்காடாகக் குறைந்தது.

நம் நாட்டு வெயிலில் பிள்ளைகளை எவ்வாறு நிறுத்துவது என்று கேட்கும் ஆசிரியர்க்கு ஒரு சொல். உச்சி வெயில் வேண்டியதில்லை. மரநிழலும் திறந்த தாழ்வாரமுமே வகுப்பறையைக் காட்டிலும் பன்மடங்கு ஒளி உடையன. தைவானில் செய்த ஆய்வும் அவ்வளவு ஒளியே பயன்தரும் என்று காட்டிற்று. கதிரவனை நேரே நோக்குதல் மட்டும் கூடாது. தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கொடுப்பதும், வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை ஓய்வு வேளையில் வகுப்பிலேயே இருத்துவதும் சில பள்ளிகளில் வழக்கம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட பிறகும் இவ்வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. பறிபோவது விளையாட்டு மட்டுமன்று.

பழைய விதிகளையும் கைவிட வேண்டா. இடையறாமல் நெருங்கிப் பார்த்தலும் கண்ணுக்குக் கேடு என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். இன்று தோட்டத்துப் பிள்ளை கையிலும் கைப்பேசி உண்டு. ஆனால் கிட்டப்பார்வை ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு வெயில் மருந்தாகாது, மூக்குக்கண்ணாடியே வேண்டும். கரும்பலகையை நோக்கக் கண்ணை இடுக்கும் பிள்ளையை முன்வரிசைக்கு மாற்றுவதோடு நில்லாமல், பெற்றோரை அழைத்துக் கண் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.