கணினி மாறியதும் செயலி ஏன் முரண்டு பிடிக்கிறது?

பழைய மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய ஆண்ட்ராய்டு செயலியைப் புதிய கணினியில் திறந்ததும் பிழைச் செய்திகள் வரிசை கட்டுகின்றன. உடனே நாம் நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறோம். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லையே! மாறியது சூழல்தான். தேடலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

திட்டக் கோப்புறையில் 'லோக்கல்.ப்ராபர்ட்டீஸ்' என்றொரு கோப்பு உண்டு. ஆண்ட்ராய்டு எஸ்டிகே கணினியில் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். பழைய கணினியின் பாதையே அதில் இருந்தால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். கோப்பை மொத்தமாக அழித்துவிடாதீர்கள். கூகுள் மேப்ஸ் சாவியையும் சிலர் அதிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

அடுத்தது ஜாவா. ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8.0 இயங்க ஜாவா 17 தேவை. பழைய கிரேடிலோ புதிய ஜாவாவைப் புரிந்துகொள்ளாமல் 'மேஜர் வெர்ஷன் 65' என்று புலம்பும். 65 என்றால் ஜாவா 21. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அமைப்புகளில் கிரேடிலுக்கு உரிய ஜாவாவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுப்பித்தால், எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

நம்மை அதிகம் அலைக்கழிப்பது வேறொன்று. செயலி பிழையின்றி ஓடும். ஆனால் வரைபடம் வெறுமையாக நிற்கும், கூகுள் உள்நுழைவு பிழை எண் 10 காட்டி மறுக்கும். காரணம் கையொப்பச் சாவி. சோதனைக்கான 'டீபக் கீஸ்டோர்' ஒவ்வொரு கணினியிலும் தனியாக உருவாகிறது. பழைய சாவியின் எஸ்ஹெச்ஏ-1 கைரேகைதான் கூகுளிடம் பதிவாகியிருக்கும். கிரேடிலின் 'சைனிங் ரிப்போர்ட்' பணியை இயக்கிப் புதிய கைரேகையை எடுத்து, பழையதை நீக்காமல் அதனுடன் சேர்த்துப் பதியுங்கள்.

வெளியீட்டுச் சாவியின் கதை இதைவிடக் கடுமையானது. பழைய கணினியை ஃபார்மட் செய்து விற்ற பிறகு அந்தச் சாவியைத் தேடுவோரும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் சேரும் புதிய செயலிகளின் கையொப்பச் சாவியைக் கூகுளே வைத்திருக்கிறது. நம்மிடமுள்ள பதிவேற்றச் சாவி தொலைந்தால் மாற்றித் தரும்படி கோரலாம். அதற்கு முந்தைய, இந்த ஏற்பாட்டில் சேராத செயலி என்றால், சாவியோடு செயலியும் போயிற்று. வேறு பெயரில் புதிதாக வெளியிட வேண்டும். பழைய பயனர்களுக்குப் புதுப்பிப்பு போய்ச் சேராது. எனவே கணினியைக் கைவிடும் முன் சாவிக் கோப்பையும் அதன் கடவுச்சொற்களையும் இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள்.

நம் கையில் ஓடும் செயலி, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியவரிடம் மட்டும் உள்நுழைய மறுத்தால், பிளே கன்சோலில் உள்ள கூகுளின் கையொப்பச் சாவிக் கைரேகை பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.