உண்ணிச்செடி வந்த கதை

டேராடூனுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள், வீடு அமைந்ததும் அடுத்துக் கேட்பது "வாசலில் என்ன செடி வைக்கலாம்?" என்பதுதான். நர்சரியில் காட்டும் செடிகளில் நம்மூர் உண்ணிச்செடியும் இருக்கும். மஞ்சளும் ரோஸும் கலந்த பூங்கொத்து, கருநீலப் பழம், தண்ணீர் விடாவிட்டாலும் சாகாது. வாங்கும் முன் அதன் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோமா?

நம்மூர் என்றேனே தவிர, அது நம் நாட்டுச் செடியே அல்ல. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை பிரேசிலில் இருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே பூவின் நிறத்துக்காக ஒட்டுச் சேர்க்கை செய்து ரகம் ரகமாக உருவாக்கினார்கள். அந்தக் கலப்பினம்தான் 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் இருந்த கம்பெனியின் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. பிறகு துரைமார் பங்களாக்களின் வேலியானது.

வேலியைத் தாண்ட அதிக நாள் ஆகவில்லை. இலையைத் தின்றால் மாட்டுக்கு ஈரல் கெடும், அதனால் மேய்ச்சலுக்கும் உதவாது. பழத்தைக் கொண்டைக்குருவி தின்று விதையைக் காட்டில் போடும். வெட்டினாலோ அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்.

இதை ஒழிக்க, 1941இல் இந்த ஊர் வன ஆராய்ச்சி நிலையம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சியை வரவழைத்தது. அது தேக்கையும் கடிக்கும் என்று சோதனையில் தெரிந்ததும் அழித்துவிட்டார்கள். ஆனாலும் சில தப்பி வெளியே பரவின. உண்ணிச்செடி மட்டும் ஒழியவில்லை.

2020இல் வந்த ஓர் ஆய்வின்படி, நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டரில் இந்தச் செடி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.30 லட்சம்தான்! நம் முதுமலையும் இதில் தப்பவில்லை. புதர் மூடிய இடத்தில் புல் குறையும், மானுக்குத் தீனி போகும்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கடன் வாங்கியது துரைமார், வட்டி கட்டுவது மானும் மாடு மேய்ப்பவரும்.

அதற்குப் பதில் கறிவேப்பிலை வையுங்கள். இந்த மலையடிவாரக் காடுகளில் அது தானாகவே வளரும் செடி. வெள்ளைப் பூ, கறுப்புப் பழம், குருவியும் வரும். குருவி விதையைக் காட்டுக்குக் கொண்டு போனாலும், அது அங்கே ஏற்கெனவே இருக்கும் செடிதான். தாளிக்க இலையும் ஆச்சு!