காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா

1962 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேடிக்கை நடந்தது. தி.மு.க.வுக்கு 50 இடங்கள் கிடைத்தன. 1957-ல் வென்றதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஆனால் அந்த வெற்றிக்குக் காரணமான அண்ணா, தான் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியார்.

ஊரெல்லாம் தன் கட்சிக்காரர்களை ஜெயிக்க வைத்த பேச்சு, சொந்த ஊரில் ஏன் எடுபடவில்லை?

தலைவருக்கு விழும் ஓட்டு அவர் கட்சிக்காரர்களையும் கரையேற்றுவதை அமெரிக்காவில் 'கோட்டு வாலைப் பிடித்துக்கொண்டு போவது' என்பார்கள். அங்கே ஜனாதிபதியையும் பிரதிநிதிகள் சபையையும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்கிறார்கள். 1964-ல் ஜான்சன் பெருவெற்றி பெற்றபோது அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு அந்தச் சபையில் 295 இடங்கள் கிடைத்தன. ஆனால் 1960-ல் கென்னடி ஜெயித்தும், அதே கட்சி முன்பு வைத்திருந்ததில் சுமார் 20 இடங்களை இழந்தது. கோட்டு வால் எப்போதும் கைகொடுப்பதில்லை.

நம் நாட்டில் முதலமைச்சரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் சட்டப்புத்தகத்தில் உள்ளது வேறு, ஓட்டுப் போடுகிறவர் மனதில் உள்ளது வேறு. தலைவரின் செல்வாக்கு மாநிலம் முழுக்கப் பரவுகிறது. எதிரிகளின் பலமோ அவர் நிற்கும் ஒரே தொகுதியில் குவிகிறது. 1962-ல் காஞ்சிபுரத்தில் நடந்தது இதுதான். அண்ணா ஒருவரை வீழ்த்தினால் போதும் என்று காங்கிரஸ் அங்கே முழுமூச்சாக இறங்கியது. தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போனார்.

1967-ல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல் வந்தது. இந்த முறை அண்ணா சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென்சென்னையில் மக்களவைக்கு நின்றார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு, குண்டடிபட்டுக் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆர். படம் எல்லாம் சேர்ந்துகொண்டன. தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளையும் பிடித்தது. சட்டமன்றத்திலும் தனிப் பெரும்பான்மை. காமராஜரோ விருதுநகரில் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். அத்தனை பெரிய பெயர் அவரையே காப்பாற்றவில்லை.

இதையெல்லாம் அண்ணாவின் முகராசி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஓட்டுக் கணக்கில் காங்கிரஸ் சுமார் 41 சதவீதம், தி.மு.க. அதைவிடச் சற்றே குறைவு! ஆனால் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, தி.மு.க. 174-ல்தான் நின்றது. மீதியை ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட் போன்ற கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டதால் எதிர்ப்பு ஓட்டு சிதறவில்லை. பேச்சு மேடையில் ஜெயித்ததில் பாதி, தொகுதிப் பங்கீட்டு மேஜையில் ஜெயித்தது.

சட்டமன்றத்துக்கு நிற்காத அண்ணா 1967 மார்ச் 6-ல் முதலமைச்சராகி, பிறகு மேலவை உறுப்பினரானார். அவர் விட்டுவிட்டுப் போன தென்சென்னையில் அதே ஆண்டு இடைத்தேர்தல் வந்தது. அதுவரை தேர்தலில் நின்றிராத முரசொலி மாறன் அங்கே நின்று ஜெயித்தார்.