ஐஸ் மைதானத்தின் அடியில் கிடந்த நியூஸ் ரீல்கள்

1978ஆம் ஆண்டு கோடையில், கனடாவின் வடமேற்குக் கோடியில் உள்ள டாசன் சிட்டியில் புதுக் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டினார்கள். மண்ணோடு சேர்ந்து சினிமாச் சுருள்கள் வந்து விழுந்தன. ஒன்றிரண்டல்ல, 533 சுருள்கள். அத்தனையும் பேசாப் படங்கள். கதைப்படங்களுக்கு நடுவே அந்தக் கால நியூஸ் ரீல்களும் கலந்து கிடந்தன.

தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி கேட்டு 1898இல் பல்லாயிரம் பேர் வந்து குவிந்த ஊர் அது. தங்கம் குறைந்ததும் கூட்டம் கலைந்தது. சினிமாக் கொட்டகைகள் மட்டும் தொடர்ந்து ஓடின. விநியோகப் பாதையின் கடைசி ஊர் டாசன். வேறு ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்த பிரதி, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் இங்கே வந்து சேரும். அதைத் திருப்பி அனுப்பும் கூலி படத்தின் மதிப்பைவிட அதிகம் என்பதால், விநியோகஸ்தர்கள் திரும்பக் கேட்கவே இல்லை. உள்ளூர் வங்கி ஒன்று அவர்கள் சார்பில் சுருள்களை வாங்கி நூலகத்தின் நிலவறையில் அடுக்கியது. 1929இல் அங்கே இடம் போதவில்லை. அதே சமயம், குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும் மைதானத்துக்கு நடுவே இருந்த நீச்சல் குளத்தை மூட வேண்டியிருந்தது. குளத்துக்குள் படச்சுருள்களைப் போட்டு நிரப்பி மேலே மண்ணை மூடிவிட்டார்கள். ஊரில் மிஞ்சியிருந்த மற்ற படங்கள் பல ஆற்றோடு போயின, அல்லது எரிக்கப்பட்டன.

நியூஸ் ரீலைப் பொறுத்தவரை இந்த அலட்சியத்தில் வியப்பில்லை. பிரான்சின் பாத்தே நிறுவனம் தொடங்கிவைத்த தொழில் இது. லண்டனில் 1910இல் பாத்தேயின் செய்திப்படமும் மறு வருடம் ‘டாபிகல் பட்ஜெட்’டும் வந்தன. வாரத்துக்கு இரண்டு இதழ், சில நிமிட நீளம். குதிரைப் பந்தயம், கப்பல் வெள்ளோட்டம், அரசர் வருகை, வேலைநிறுத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஒலி கிடையாது, எழுத்து அட்டை வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகும். புது இதழுக்கு வாடகை அதிகம், நாள் ஆக ஆகக் குறையும். சில வாரம் கழித்து அது நேற்றைய வடையைப் போல. அதற்குப் பிறகு அந்தப் பிரதிக்கு மதிப்பென்றால், படலத்தைக் கரைத்து எடுக்கும் வெள்ளிதான்.

போதாக்குறைக்கு, அது நைட்ரேட் பிலிம். வெடிமருந்துப் பஞ்சின் பங்காளி என்றே சொல்லலாம். பற்றிக்கொண்டால் தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. தீ பிடிக்காவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் படம் மங்கி, பிசுபிசுத்து, நுரைத்து, கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். டாசன் சுருள்களைக் காப்பாற்றியது யாருடைய முன்யோசனையும் அல்ல, அந்த ஊர் மண்ணின் உறைகுளிர். வெளியே எடுத்த பிறகு அவற்றை ஏற்றிச் செல்ல வாடகை வண்டிக்காரர்கள் பயந்தார்கள். ராணுவ விமானத்தில்தான் ஒட்டாவாவில் உள்ள காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. சூதாட்டத்துக்குப் பெயர்போன 1919ஆம் ஆண்டின் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின் காட்சிகள் அந்தச் சுருள்களில் ஒன்றில் இருந்தன. அப்படியொன்று இருப்பது 2014இல்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துப் பட்டியல் எழுத ஆளில்லாத காப்பகம், கொஞ்சம் குளிர்ச்சியான கிடங்கு. அவ்வளவுதான்.

பார்க்க ஆள் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1913 ஜூன் 4ஆம் தேதி இங்கிலாந்தில் நடந்த டெர்பி குதிரைப் பந்தயம் சாட்சி. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன், அரசரின் குதிரை அன்மர் ஓடிவந்த பாதையில் இறங்கினார். குதிரை மோதி விழுந்தவர், நான்கு நாள் கழித்து இறந்தார். மூன்று கேமராக்கள் அதைப் பதிவு செய்திருந்தன. அவர் சாகத்தான் போனாரா, குதிரையின் மேல் துணி கட்டப் போனாரா என்ற வழக்கை, நூறு வருடம் கழித்தும் அந்தச் சில வினாடிக் காட்சிகளை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

இதை முன்பே யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. போலந்துக்காரரான போலெஸ்வாவ் மத்துஷெவ்ஸ்கி, சினிமா வரலாற்றுக்கு ஆதாரம், அதற்கென ஒரு காப்பகம் வேண்டும் என்று 1898லேயே பாரிஸில் சிறுநூல் வெளியிட்டார். யாரும் கேட்கவில்லை. சோவியத் ரஷ்யாவில் எஸ்ஃபிர் ஷூப் என்ற படத்தொகுப்பாளர், கேட்பாரற்றுக் கிடந்த பழைய செய்திப்படங்களையும் ஜார் குடும்பம் எடுத்துவைத்த படங்களையும் அலசி, ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சியைப் பற்றி 1927இல் ஒரு முழுநீளப் படம் செய்தார்.

அதே வேலையை நம்மிடையே செய்தவர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிப் பல நாட்டுக் கேமராக்காரர்கள் எடுத்த துண்டுகளைக் கண்டம் கண்டமாகத் தேடி, சுமார் 50,000 அடி சேர்த்து, அதைச் சுருக்கி 1940இல் தமிழ் வர்ணனையோடு வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் பிரதியே பிறகு தொலைந்துபோனது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்த வடிவம்தான் பல காலம் கழித்து அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் அகப்பட்டது. தேடிச் சேர்த்தவரின் படத்தையே இன்னொருவர் தேட வேண்டிவந்தது கொடுமை.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கியது. பேசாப் படக் காலம் முடிந்து முப்பது வருடம் ஆகிவிட்டிருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிக் கிடக்கும் டூரிங் டாக்கீஸ் முதலாளியின் பழைய அறையிலோ படச்சுருள் பெட்டி இருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். புனேவுக்கு எழுதிப் போடுங்கள்.