பிடியரிசியும் படிவமும்

உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை வேறொரு முட்டியில் போட்டுவைப்பார்கள் என்று அம்மம்மா சொல்லுவார். யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிகள் சில அந்தப் பிடியரிசியில் நிமிர்ந்தவை. அதை விற்ற காசு வாத்தியாரின் சம்பளத்துக்கா, கூரைக் கிடுகுக்கா என்பதைப் பள்ளிக்கூடமே தீர்மானித்தது. கொடுத்தவர்கள் கணக்கில் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். பள்ளிக்கூடம் அவர்கள் கண்ணெதிரே இருந்தது.

மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்சனில், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் சிறிய அமைப்பொன்றில் நான் தொண்டராக இருக்கிறேன். எங்களுக்கு வருவது அநேகமாகத் திட்டப் பணம். அதில் கணினி வாங்கலாம். வாடகை கட்ட முடியாது. ஆண்டு முடிந்தால் மறுபடியும் படிவம், மறுபடியும் ஒரு 'புதிய' திட்டம். ஒரு குளிர்காலம் வாடகைக்குக் காசில்லாமல் இரண்டு மாதம் வகுப்பு நின்றது. அப்போது அலுமாரியில் பெட்டி பிரிக்காத கணினிகள் இருந்தன.

இந்த வழக்குக் கியூபெக்கில் பழையது. 2000இல் வீடியோத்ரோன் நிறுவனத்தை விற்ற ஷன்யோன் குடும்பம் 140 கோடி டொலரை ஓர் அறக்கட்டளையில் இட்டது. 2001இல் மாகாண அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது: சமூக அமைப்புகள் சுயாதீனமானவை, அவற்றின் அன்றாட இயக்கத்துக்கே நிதி தரவேண்டும். ஆனால் 2009இல் அரசும் அந்த அறக்கட்டளையும் சேர்ந்து, சிறு குழந்தைகளுக்கென 10 ஆண்டுகளுக்கு 40 கோடி டொலர் ஒதுக்கின: அரசு 15 கோடி, அறக்கட்டளை 25 கோடி. பணம் பெரிதுதான். எது தேவை என்பதை மேலேயே தீர்மானித்துவிட்டார்கள் என்று சமூக அமைப்புகள் எதிர்த்தன. பொதுப்பணத்தின் கடிவாளம் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கலாமா என்று கேட்டன. அத்தகைய ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படமாட்டா என்று 2015இல் அறிவிப்பு வந்தது.

கனடாவில் 2023 முதல், அறக்கட்டளைகள் தம் முதலீட்டில் 10 லட்சம் டொலருக்கு மேற்பட்ட பகுதியில் ஆண்டுக்கு 5 வீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிடவேண்டும். முன்பு அது 3.5 வீதம். எவ்வளவு கொடுப்பது என்பதைச் சட்டம் சொல்கிறது. எப்படிக் கொடுப்பது என்பது கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்ச்சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. பழைய பள்ளிக்குக் கட்டடம் கட்டிப் பெயர்க்கல் பதிக்கிறோம். பிறகு அங்கே மின்கட்டணம் யார் கட்டுகிறார் என்று விசாரிப்பதில்லை. அடுத்தமுறை காசோலை எழுதுமுன், "உங்களுக்கு இப்போது எது முட்டு?" என்று ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்கலாம். வாடகை என்று பதில் வந்தால், வாடகைக்கே கொடுப்போம்.