உடனொளிர்வுக் காட்சி: சதையிச் சத்திரசிகிச்சையில்

உடனொளிர்வுக் காட்சி என்பது, சரீரத்துட் செலுத்தப்பட்ட சாயமொன்று கண்ணுக்குப் புலனாகாத கிரணங்களை ஏற்று வேறோர் அலைநீளத்தில் ஒளிருங்கால், அவ்வொளியைக் கமராவினாற் பதிந்து குருதியோட்டத்தை அறியும் முறையாகும். வயிற்றிற் சிறு துளைகளிட்டுச் சதையியின், அதாவது கணையத்தின், வாற்பகுதியை அகற்றும் சத்திர வைத்தியர், மண்ணீரலின் குருதிக்கலன்களைக் காப்பதற்கு இதனைத் துணைக்கொள்வர்.

இத்தோற்றப்பாட்டின் சாஸ்திர வரலாறு, கண்டிச் சீமையின் மலைகளில் ஒருகாற் செழித்த ஒரு விருட்சத்தின் மருந்தோடு பிணைந்தது. குவினைன் கரைசலின் மேற்பரப்பில் நீலவொளி தோன்றுவதை ஜோன் ஹேர்ஷல் 1845இல் விவரித்தார். புலனாகாத கழியூதாக் கதிரே அவ்வாறு நீலமாக வெளிப்படுகின்றதென ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் நிறுவினார். குவினைன் தரும் சிங்கோனா, பேராதனைப் பூங்காவின் அதிபர் துவெயிட்ஸின் முயற்சியால் 1861இல் இலங்கைக்கு வந்து ஹக்கலையில் வேரூன்றியது. கோப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தோட்டந்தோறும் பரவி, 1886இல் ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாகுமளவு பெருகி, பின்னர் விலைவீழ்ச்சியால் தேயிலைக்கு இடங்கொடுத்தது.

இன்று சத்திரசிகிச்சையிற் பிரயோகிக்கப்படும் சாயம் இந்தோசயனின் பச்சை. 1950களிற் கொடக் ஆய்வுகூடத்தில் உருவாகி, மேயோ மருத்துவநிலையத்தில் இருதய ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட இது, 1959இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. நாளத்திற் செலுத்தியதும் குருதிப் புரதங்களோடு இணைந்து, 800 நானோமீற்றர் அளவிலான செந்நிறக்கீழ்க் கதிரை ஏற்று 830 அளவில் ஒளிர்ந்து, ஈரலினாற் பித்தநீருடன் கழிக்கப்படும்.

மண்ணீரல் நாடி சதையியின் மேலோரமாக வளைந்து வளைந்து செல்ல, நாளமோ பின்புறத்தே பதிந்து, நூலிழை போன்ற கிளைகளால் சதையியோடு பிணைந்திருக்கும். இவற்றைப் பிரித்தெடுத்தல் அரிதாகையால் மண்ணீரலையும் சேர்த்தகற்றுவதே முன்னாள் வழக்கம். அதனை இழந்தோரை நியூமோகொக்கஸ் முதலிய கிருமிகள் பிராணாபாயம் நேருமளவு தாக்கக்கூடும். பிரதான கலன்களைத் துண்டித்தும் இரைப்பையின் குறுங்கலன்களால் மண்ணீரல் பிழைக்குமெனச் சத்திர வைத்தியர் வார்ஷோ 1988இற் காட்டினார். அப்பிரதான கலன்களையே காக்கும் முறையைச் சத்திர வைத்தியர் கிமுரா 1996இல் வெளியிட்டார். முன்னையதில், மண்ணீரல் முழுதும் ஒளிர்கின்றதா, எப்பகுதியேனும் இருண்டுள்ளதா என்பதையும், பின்னையதில், கலன்களின் போக்கையும் விடுவித்தபின் ஓட்டம் தடையின்றி உள்ளதா என்பதையும் சாயம் திரையிற் காட்டுகிறது.

இவ்வொளி இழையத்தினூடே ஏறத்தாழ 1 சென்றிமீற்றருக்கு அப்பால் எட்டாது. தடித்த கொழுப்பினுள் மறைந்த கலன் மறைந்தேயிருக்கும். ஆதலின் உடற்கூற்றறிவும் கைத்திறனும் வாய்த்தவர்க்கே இது பயன்தரும். அவர்தம் கையில், முன்னர் காணவியலாமையாற் பலியிடப்பட்ட ஓர் அவயவம் நோயாளிக்கே மிஞ்சுகின்றது.