மிதித்தால் பேசிய வானொலி

1917ஆம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஹால்ஸ் கிரீக் என்னும் சிற்றூருக்கு, குதிரையிலிருந்து விழுந்து வயிற்றினுள் காயமுற்ற ஓர் இளைஞனைத் தூக்கி வந்தார்கள். அவன் மாட்டுப் பண்ணை ஊழியன். பெயர் ஜிம்மி டார்சி. ஊரில் மருத்துவர் இல்லை. அஞ்சலக அதிகாரி டக்கெட் முதலுதவி மட்டுமே கற்றவர். சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த் நகரில் இருந்த டாக்டர் ஹாலண்டுக்கு அவர் தந்தி கொடுத்தார். டாக்டர் தந்தியிலேயே வழி சொல்லச் சொல்ல, டக்கெட் பேனாக்கத்தியால் அறுவை செய்தார். பின்னர் டாக்டரே கப்பலிலும் காருமாகப் பல நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தார். ஆனால், முதல் நாளே டார்சி இறந்துவிட்டிருந்தான்.

இந்தச் செய்தி பலரை உலுக்கியது. உள்நாட்டு மக்களுக்காகத் தொண்டாற்றி வந்த ஜான் ஃபிளின் என்ற பாதிரியார், மருத்துவரை விமானத்தில் அனுப்பினால் என்ன என்று எண்ணினார். விமானப் படையில் சேர்ந்திருந்த கிளிஃபோர்ட் பீல் என்ற மருத்துவ மாணவரும் அதே யோசனையைக் கடிதத்தில் எழுதியிருந்தார். 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்திலுள்ள குளோன்கரியிலிருந்து முதல் மருத்துவ விமானம் புறப்பட்டது.

ஆனால், பறந்து வர மருத்துவர் இருந்தும், அவரை அழைப்பது எப்படி? பண்ணை வீடுகளுக்குத் தந்திக் கம்பியும் இல்லை; மின்சாரமும் இல்லை. வானொலிக் கருவிக்கு வேண்டிய மின்கலங்களோ கனமானவை, விலை மிகுந்தவை.

இதற்கு விடை கண்டவர் ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர். சைக்கிள் மிதிப்பது போல் கால்களால் சுழற்றும் சிறு மின்னாக்கியை அவர் அமைத்தார். அது தந்த மின்சாரம் ஏறத்தாழ 20 வாட்தான். எனினும் சிற்றலைகளில் செய்தி அனுப்ப அது போதுமானதாக இருந்தது. 1929இல் இக்கருவிகள் பண்ணை வீடுகளை அடைந்தன.

இன்னொரு தடையும் இருந்தது. நிலையத்திலிருந்து பேச்சு வந்தது. பண்ணையிலிருந்து மோர்ஸ் குறிகளில்தான் பதில் அனுப்ப முடிந்தது. பண்ணைக் குடும்பத்தினருக்கு அக்குறிகளைக் கற்பது எளிதன்று. எனவே, எழுத்தை அழுத்தினால் அதற்குரிய மோர்ஸ் குறி தானே செல்லும் தட்டச்சு விசைப்பலகை ஒன்றையும் டிரேகர் செய்தார். சில ஆண்டுகளில், இரு புறமும் பேசும் கருவிகளும் வந்தன.

அழைப்பு சென்றதும் விமானம் எப்போதும் உடனே வர இயலாது. ஆகவே 1942 முதல் பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டிகள் அளிக்கப்பட்டன. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் உண்டு. வாயில் நுழையாத மருந்துப் பெயரைச் சொல்லாமல், மருத்துவர் எண்ணை மட்டும் சொல்வார். தாய் அதை எடுத்துக் கொடுப்பாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விமானமும் வானொலியும் முன்பே இருந்த கண்டுபிடிப்புகள். அவை உயிர் காக்கத் தொடங்கியது, மறுமுனையில் இருப்பவரின் கால், விரல், அறிவு ஆகியவற்றுக்கு ஏற்ப அவற்றை மாற்றியபோதுதான்.

நம் நாட்டில் 2019இல் தொடங்கிய இ-சஞ்சீவனி திட்டத்தில், கிராம நல மையத்தில் நோயாளியுடன் சுகாதாரப் பணியாளர் அமர்ந்து, தொலைவிலுள்ள மருத்துவரிடம் திரை வழியே பேசுகிறார். மிதிகட்டை மறைந்துவிட்டது; டிரேகர் கேட்ட கேள்வி மறையவில்லை. புதிய கருவி ஒன்று கிராமத்துக்கு வரும்போதெல்லாம் நாமும் கேட்க வேண்டியது அதுவே: மின்சாரம் நின்றால், எழுத்து தெரியாவிட்டால், இதை அங்குள்ளவர் இயக்க முடியுமா?